வயதான நாய் திடீரென்று தள்ளாடி விழுந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து மூன்றாவது வாரம் வரை

நேற்று ராத்திரி வரை கேட் சத்தம் கேட்டு ஓடி வந்த நாய், காலையில் எழுந்து நிற்க முடியாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. தலை கோணிக்கொண்டு இருக்கிறது. கண் நிலைகொள்ளாமல் துடிக்கிறது. எச்சில் ஒழுகுகிறது, வாந்தி எடுக்கிறது. வீடே பதறிப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வாதம் அடிச்சிருச்சு, வயசாயிடுச்சுல்ல, இனிமே அதைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்கிறார். அன்று சாயங்காலமே ஊசி போட்டு அனுப்பிவிடுகிற வீடுகளும் உண்டு.

அப்படி அனுப்பப்பட்ட நாய்களில் சில, மூன்று நாள் பொறுத்திருந்தால் எழுந்து நடந்திருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பத்து வயதைத் தாண்டிய நாய்க்கு இப்படித் திடீரென்று வந்தால், முதலில் நினைக்க வேண்டியது உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பின் கோளாறு. டாக்டர்கள் இதை வெஸ்டிபுலார் நோய் என்பார்கள். வயதான நாய்களுக்குக் காரணமே தெரியாமல் வருகிற வகை ஒன்று இருக்கிறது. முதல் நாள் பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் குறையத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். சிக்கல் என்னவென்றால், மூளைப் பக்கவாதம், மூளைக் கட்டி, காதுத் தொற்று, மருந்தினால் வரும் நஞ்சு ஆகியவையும் இதே வேஷத்தில்தான் வரும். வீட்டில் நாம் பார்த்துச் சொல்கிற நாலு விஷயம், டாக்டர் அதைப் பிரித்தறிய ரொம்ப உதவும்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் அல்சூர், லிங்கராஜபுரம் பக்கம் வயதான நாய்கள் இருக்கிற வீடுகளுக்குப் போய்க் கைகொடுக்கிறவள். இதில் இருப்பது டாக்டரிடம் போவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை. டாக்டருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காதுக்குள் என்ன நடக்கிறது

இரண்டு உள்காதிலும் திரவம் நிறைந்த மூன்று மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் அசைந்து, நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகும். தலை அசையாதபோதும் இரண்டு பக்கமிருந்தும் சமமாகத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் திடீரென்று அடங்கிவிட்டால், தலை சுற்றிக்கொண்டிருப்பதாக மூளை நம்பிவிடும். குடை ராட்டினத்தில் இருந்து இறங்கியவுடன் தரை ஓடுகிற மாதிரி இருக்குமே, அது நிற்காமல் மணிக்கணக்கில் தொடர்ந்தால் எப்படி இருக்கும்? நாய்க்கு அன்று அதுதான்.

அதனால்தான் கண் துடிக்கிறது. கெட்டுப்போன காதின் பக்கம் கருமணி மெதுவாக நகரும், பிறகு எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திரும்பும். தலை சாய்வதும், விழுவதும், வட்டமடிப்பதும் பெரும்பாலும் கெட்ட காதின் பக்கமே. நாளாக ஆக, மூளை அந்த ஒரு பக்கக் குறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சமநிலையைத் திரும்பப் பழகிக்கொள்ளும். காது முழுவதும் சரியாகாவிட்டாலும் நாய் நடந்துவிடுவது இதனால்தான்.

முதல் மணி நேரம்

முதலில் நாயைத் தரைக்குக் கொண்டு வாருங்கள். கட்டில், சோபா, பால்கனி, மாடிப்படி எதன் பக்கத்திலும் இருக்கக் கூடாது. தூக்கும்போது மார்பையும் இடுப்பையும் சேர்த்து, உங்கள் நெஞ்சோடு ஒட்டித் தூக்குங்கள். அந்தரத்தில் விட்டால் உலகமே கவிழ்கிற மாதிரி அதற்குத் தோன்றும், துள்ளும். எத்தனை சாதுவான நாயாக இருந்தாலும் அந்தப் பயத்தில் கடித்துவிடலாம். முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கொஞ்ச வேண்டாம்.

பக்கவாட்டில் கிடத்தாமல், வயிறு தரையில் படும்படி குப்புற உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் சுருட்டிய பெட்ஷீட்டை முட்டுக் கொடுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்காமல் இருக்க இது முக்கியம். தலையை நிமிர்த்தித் தானாக வைத்திருக்க முடிகிற வரை சோறோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். "பாவம், நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலையே" என்று பாட்டி சொன்னாலும் சரி, கொஞ்ச நேரம் பொறுக்கட்டும்.

அடுத்து ஈறு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளையாக இருந்தால் இது தலைச்சுற்றல் விவகாரமே இல்லாமல் இருக்கலாம். வயதான நாய்களுக்கு மண்ணீரலில் கட்டி வந்து உள்ளே ரத்தம் கசிந்தாலும் இப்படித்தான் துவண்டு விழும். அப்போது ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

பிறகு வீடியோ. இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். நல்ல வெளிச்சத்தில், முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, கண் தெளிவாகத் தெரியும்படி அரை நிமிடம். இன்னொன்று, முழு உடம்பும் தெரியும்படி, அது எழ முயற்சிக்கும்போது. கண் துடிப்பு சில மணி நேரத்தில் மாறலாம், கிளினிக் போய்ச் சேரும்போது நின்றும் போகலாம். பகலில் வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிற பெரியவர்கள் இருப்பார்கள், பிள்ளைகள் வொயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஆபீஸில் இருப்பார்கள், டாக்டர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்பார். அந்த அரை நிமிட வீடியோவுக்கு மொழி தேவையில்லை. வாட்ஸப்பில் மகனுக்கு அனுப்பினால் அவர் டாக்டருக்கு அனுப்பிவிடுவார்.

கண்ணை எப்படிப் பார்ப்பது

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கருமணி எந்தத் திசையில் வெடுக்கென்று போகிறது? இடம் வலமாகவா, கடிகார முள் சுற்றுவது போலவா, மேலும் கீழுமாகவா?

இடவலமாகவோ சுழற்சியாகவோ இருந்தால் பெரும்பாலும் காதுப் பக்கத்துப் பிரச்சினை. மேல்கீழாகத் துடித்தால் மூளைக்குள் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சந்தேகப்படுவார். நாயை ஒரு பக்கம் கிடத்தினால் ஒரு திசையிலும், மறுபக்கம் கிடத்தினால் வேறு திசையிலும் துடித்தாலும் அதே சந்தேகம்தான்.

அல்சூரில் 13 வயது நாட்டு நாய் ஒன்று, மணி. அந்த வீட்டு அம்மா டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் வேண்டாம், ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். கருமணி இடப்பக்கம் சோம்பலாக நகரும், ஒரு நொடி தங்கும், பிறகு வலப்பக்கம் டக்கென்று தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் இமையும் சேர்ந்து லேசாக நடுங்கியது. தலையும் இடப்பக்கமாகவே சாய்ந்திருந்தது. "மணி" என்று கூப்பிட்டதும் வால் நுனி தரையில் தட்டியது. "அப்படின்னா இது என்னை அடையாளம் தெரிஞ்சுக்குதா?" என்று அந்த அம்மா கேட்டார். தெரிந்துகொள்கிறது, அதுதான் பெரிய நல்ல செய்தி என்றேன். இடது காதுப் பக்கத்துக் கோளாறுதான் என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

நினைவு தெளிவாக இருப்பது அவ்வளவு முக்கியம். காதில் மட்டும் பிரச்சினை என்றால் நாய் பயந்திருக்கும், குமட்டலில் சோர்ந்திருக்கும், ஆனால் நம்மைத் தெரியும். பெயர் சொன்னால் காது அசையும்.

இன்னொரு சின்னச் சோதனை, பாதம். ஒருவர் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து நாயை நிற்க வைக்க வேண்டும். இன்னொருவர் ஒரு பாதத்தை மெதுவாக மடக்கி, பாதத்தின் மேல்புறம் தரையில் படும்படி வைக்க வேண்டும். சாதாரண நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிவிடும். மடங்கிய பாதத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தால், மூளையோ தண்டுவடமோ சம்பந்தப்பட்டிருக்கலாம். நாய் திமிறினால் வற்புறுத்தாதீர்கள், டாக்டரே செய்யட்டும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

எப்படியும் அன்றைக்குள் ஒரு டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி, பகல் பார்க்காமல் கிளம்புங்கள்:

- ஈறு வெளுத்திருப்பது, மூச்சு வாங்குவது
- கூப்பிட்டால் உணர்வே இல்லாமல் இருப்பது, தூக்கத்தில் இருப்பது போல் மந்தமாகக் கிடப்பது
- கண் மேல்கீழாகத் துடிப்பது
- ஒரு பக்கத்துக் கால்கள் வலுவிழந்து இழுபடுவது
- வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, அல்லது ஒரே நாளில் மறுபடி மறுபடி வருவது
- எலி மருந்து, சுகர்ஃப்ரீ சூயிங்கம், யாருடையதோ மாத்திரை என்று எதையாவது தின்றிருக்கலாம் என்ற சந்தேகம்

கடைசி விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கிவிடும், தள்ளாட்டமும் வலிப்பும் வரும். பார்க்கிலும் காலி மனையிலும் கிடக்கிற கஞ்சாத் துண்டைத் தின்ற நாயும் குடித்தவன் போலத் தள்ளாடும், சொட்டுச் சொட்டாக மூத்திரம் போகும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வெறிநாய்க்கடி பற்றி

நம் நாட்டில் நரம்பு சம்பந்தமான எந்த அறிகுறியையும் பார்க்கும்போது ரேபிஸை ஒரு மூலையில் நினைவில் வைக்கத்தான் வேண்டும். வருடா வருடம் ஊசி போட்டு, வீட்டோடு இருக்கிற நாய் என்றால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஊசி விவரம் தெரியாத தெரு நாய், குரல் மாறியிருக்கிறது, விழுங்க முடியவில்லை, திடீரென்று ஆளே மாறிவிட்டது என்றால், வெறும் கையால் வாயைத் தொடாதீர்கள். எச்சில் காயத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி (கண்ணை வெறும் தண்ணீரால்), அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குவது, மருந்து ஊட்டுவது எல்லாம் ஊசி போட்ட நாய்க்குத்தான்.

டாக்டரிடம் போகும் வழி

பெங்களூரில் டாக்டரைவிடச் சாலைதான் சிரமம். சில்க் போர்டிலோ ஹெப்பாள் மேம்பாலத்திலோ ஒரு மணி நேரம் நின்றால் நாய் வழியெல்லாம் வாந்தி எடுக்கும். அவசர அறிகுறி இல்லை என்றால், முதலில் பக்கத்துக் கிளினிக்கிலோ வீட்டுக்கு வருகிற டாக்டரிடமோ குமட்டலுக்கு ஊசி போட்டுக்கொண்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. கெட்டியான பெட்ஷீட்டில் படுக்க வைத்து, நாலு முனையையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்குங்கள். வண்டியில் சீட்டில் வைக்காமல், கால் வைக்கும் இடத்தில் மெத்தை போட்டுப் படுக்க வையுங்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பல துறை டாக்டர்கள் ஒரே இடத்தில் பார்க்கிற வாய்ப்பு அங்கே உண்டு. ராத்திரியில் திறந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரி உங்கள் பகுதிக்கு எது பக்கம் என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நல்ல இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் தலை சுற்றுகிற நாயை ஐந்தாறு மணி நேரம் வண்டியில் ஏற்றிப் போவதை முதல் மூன்று நாளில் செய்ய வேண்டாம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

எத்தனை மணிக்குத் தொடங்கியது, திடீரென்றா கொஞ்சம் கொஞ்சமாகவா, எந்தப் பக்கம் சாய்கிறது. அதற்கு மேல் மருந்துப் பட்டியல். இதில்தான் பல காரணங்கள் ஒளிந்திருக்கும்.

காதில் ஏதாவது சொட்டு மருந்து விட்டீர்களா? செவிப்பறை கிழிந்திருக்கும்போது ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்ளே இறங்கினால் சமநிலை உறுப்பையே கெடுத்துவிடும். பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் காதில் விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாயின் காதில் அதை விடவே கூடாது.

வயிற்றுப்போக்குக்கு மெட்ரோஜில் கொடுத்தீர்களா? அதில் இருக்கும் மெட்ரோனிடசோல், அளவு கூடினாலோ பல நாள் தொடர்ந்தாலோ மூளையைப் பாதித்து இதே தள்ளாட்டத்தையும் கண் துடிப்பையும் கொண்டுவரும். மருந்தை நிறுத்தினால் பொதுவாக ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். டாக்டர் டயசிபாம் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் தேறும். இதைச் சொல்லாமல் விட்டு, ஸ்கேன் வரை ஓடுவது வீண் அலைச்சல்.

மூட்டு வலிக்கு மெலாக்சிகாம் மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா? அதோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியும். காரணமில்லாமல் வருகிற அந்த முதுமை வகைக்கு ஸ்டீராய்டு பலன் தருகிறது என்று நிரூபணம் இல்லை. "எதுக்காக இந்த ஊசி, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. நல்ல டாக்டர் விளக்குவார். நியூரோபயான் என்ற வைட்டமின் பி ஊசி போடுவார்கள். அதனால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் அதனால்தான் எழுந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் ஸ்டெமெட்டில், வெர்டின் போன்ற தலைச்சுற்றல் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால், புரூஃபென் இரண்டும் நாய்க்கு ஆபத்து.

என்னென்ன சோதனைகள்

டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். காதைச் சொறிந்துகொண்டே இருந்தது, நாற்றம் வந்தது, சீழ் வந்தது என்றால் நடுக்காது வரை தொற்று போயிருக்கலாம். காக்கர் ஸ்பானியல் மாதிரித் தொங்கு காது நாய்களுக்கு இது அதிகம். முகம் ஒரு பக்கம் தொங்குவது, ஒரு கண் மட்டும் சிறுத்து உள்ளே போவது போலத் தெரிவது இவையும் நடுக்காதைக் காட்டும். இதற்கு ஆன்டிபயாட்டிக் 6 முதல் 8 வாரம் வரைகூடத் தேவைப்படும். பத்து நாளில் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டால் திரும்ப வரும்.

ரத்தத்தில் முழு அணுக்கள் எண்ணிக்கை, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு. பெங்களூர் தட்பவெப்பத்தில் உண்ணி வருடம் பூராவும் இருக்கிறது. அதனால் டிக் ஃபீவர் சோதனையை விடாதீர்கள். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, சில நாய்களுக்கு மூளை வரை போய்த் தள்ளாட்டத்தையும் வலிப்பையும் தரும். வெறும் காய்ச்சல் இருந்தால்தான் டிக் ஃபீவர் என்று நினைக்கக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் சமநிலை நரம்பு பாதிக்கப்படும்; அது மாத்திரையால் சரியாகிற விஷயம்.

ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். முன்னங்காலிலோ வாலிலோ பட்டை கட்டிப் பார்ப்பார்கள். பல இடங்களில் கேட்டால்தான் செய்கிறார்கள். சிறுநீரக நோயும் ரத்த அழுத்தமும் இருக்கிற நாய்க்கு உண்மையான பக்கவாதம் வர வாய்ப்பு அதிகம். அப்படியே பக்கவாதமாக இருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சின்ன அளவில் வந்தது முதல் ஒரு நாளுக்குப் பிறகு மோசமாகாமல் நின்று, வாரக்கணக்கில் மெல்லத் தேறும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனை உடனே எடுக்க வேண்டுமா? என் கருத்து: காது சம்பந்தப்பட்ட அறிகுறி மட்டும் இருந்து, நாய் தெளிவாக இருந்தால், மூன்று நாள் பாருங்கள். நாய்க்கு ஸ்கேன் என்றால் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். செலவும் கணிசம். கண் மேல்கீழாகத் துடிக்கிறது, பாதச் சோதனையில் தவறுகிறது, நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் ஸ்கேன் அவசியம். அதற்கு முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: கட்டி என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வோம்? அந்தப் பதில் உங்கள் நாயின் வயதுக்கும் உங்கள் கைக்கும் ஒத்துவந்தால் எடுங்கள்.

முதல் மூன்று நாள்

இதுதான் கடினம். ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

தரையை முதலில் மாற்றுங்கள். வழவழ டைல்ஸிலும் கிரானைட்டிலும் நல்ல நாயே வழுக்கும். யோகா மேட், தேங்காய் நார் மிதியடி, சணல் சாக்கு, எது இருக்கிறதோ அதை விரித்து, ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். பாதத்துக்கு நடுவில் வளர்ந்த முடியை வெட்டுங்கள், நகத்தையும். ஒரு மூலையில் மூன்று பக்கமும் தலையணை வைத்து இடம் பண்ணுங்கள். ராத்திரி சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். காது கைவிட்டபோது நாய் கண்ணை நம்பித்தான் நிற்கிறது, இருட்டில் ரொம்பத் தடுமாறும்.

குமட்டலைக் கட்டுப்படுத்தாமல் எதுவும் நடக்காது. எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்புவது எல்லாம் குமட்டல்தான். "பசிக்கலை போல" என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நாய்களுக்கு மாரோபிட்டன்ட் என்ற நல்ல மருந்து இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு முறை. அது போட்ட பிறகு பல நாய்கள் அன்றே வாயைத் திறக்கும்.

சாப்பாடு கையால் ஊட்டுங்கள். வேகவைத்த கோழி, தயிர் சாதம், எது அதற்குப் பிடிக்குமோ அது. வெங்காயமும் பூண்டும் வேண்டாம். தலையைக் குனிந்தால் சுற்றும், அதனால் உணவு அதன் தாடை உயரத்தில் இருக்கட்டும். கோழியைச் சுண்டு விரல் நகம் அளவுக்குப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து, சாய்ந்திருக்கிற பக்கமாகவே நீட்டுங்கள். எதிர்ப்பக்கம் நீட்டினால் தலையைத் திருப்பும்போது விழுந்துவிடும். முதலில் குறி தவறி உங்கள் மணிக்கட்டை நக்கும். அவசரப்படாதீர்கள், இரண்டாவது மூன்றாவது தடவை சரியாக எடுத்துக்கொள்ளும். தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாக, துளித் துளியாக. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே நிற்கவில்லை என்றால் டிரிப்ஸ் போட்டாக வேண்டும்.

நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே கொண்டுபோங்கள். நீளமான துண்டை வயிற்றுக்கு அடியில் தூளி மாதிரிக் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்து நடத்துங்கள். ஆண் நாய் பழக்கத்தில் காலைத் தூக்கும், உடனே சாயும், பிடித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மூத்திரம் போகாமல் வயிறு இறுகியிருந்தால் டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். எழவே முடியாத நாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், முழங்கையும் இடுப்பு எலும்பும் அழுந்தினால் படுக்கைப் புண் வந்துவிடும். லாப்ரடார் மாதிரிக் கனமான நாய்க்கு இரண்டு ஆள் வேண்டும். கூச்சப்படாமல் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

நாலாம் நாள் முதல்

கண் துடிப்பு முதலில் நிற்கும். பிறகு காலை அகட்டி வைத்து நிற்கும். அப்புறம் சுவரைத் தேய்த்துக்கொண்டு நடக்கும். இந்தக் கட்டத்தில் பாவம் பார்த்துத் தூக்கிக்கொண்டே திரியாதீர்கள். நடந்தால்தான் மூளை பழகும். ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, புல்தரையில் மார்புப் பட்டை போட்டு நடத்துங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம். மாடிப்படிக்கு மூன்று வாரம் தடுப்பு வையுங்கள்.

தலைச் சாய்வு கடைசியாகப் போகும். சில நாய்களுக்கு லேசாகக் கடைசி வரை இருந்துவிடும். அதனால் நாய்க்கு ஒரு கஷ்டமும் இல்லை.

72 மணி நேரம் ஆகியும் துளிகூட முன்னேற்றம் இல்லை, அல்லது தேறி வந்தது மறுபடி மோசமாகிறது என்றால், காரணமில்லாத முதுமை வகை என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். திரும்பக் காட்டுங்கள்.

தலைச்சுற்றல் இல்லாத தள்ளாட்டங்கள்

தலை நேராக, கண் நிலையாக இருந்து, பின்னங்கால் மட்டும் பின்னுகிறது, நகம் தரையில் தேய்கிறது என்றால் அது தண்டுவடம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வலியே இல்லாமல் மாதக்கணக்கில் மெல்ல வரும் தேய்வு நோய் உண்டு. டாஷண்ட் போன்ற நீள உடம்பு நாய்க்கு முதுகு டிஸ்க் விலகித் திடீரென்று வலியோடு வரும். பின்னங்காலில் உணர்வே இல்லை என்றால் மணிக்கணக்கு முக்கியம், உடனே போங்கள்.

வலிப்பு வேறு. நினைவு தப்பும், தாடை இறுகும், கால்கள் நீந்துவது போல அடிக்கும், மூத்திரம் போய்விடும். தலைச்சுற்றலில் உருள்கிற நாயைப் பார்த்து வலிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் அது முழு நினைவோடு உருளும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். சுற்றி இருப்பதை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேல் முதல் தடவையாக வலிப்பு வந்தால் அதன் பின்னால் கட்டியோ வேறு நோயோ இருக்க வாய்ப்பு கூடுதல், கட்டாயம் காரணம் தேட வேண்டும்.

ராத்திரியெல்லாம் தூங்காமல் நடப்பது, கதவு இடுக்கில் போய் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நிற்பது, பழகிய ஆளைப் பார்த்து விழிப்பது: இது முதுமை மறதி. திடீரென்று வராது, விழவும் வைக்காது. இதற்கும் மருந்தும் உணவு முறையும் இருக்கின்றன, கேட்டுப் பெறுங்கள்.

விடை கொடுப்பது பற்றி

மூளைக் கட்டி என்று உறுதியாகி, வலிப்பு கட்டுக்குள் வராமல், நாய் தன் ஆட்களையே மறந்து, சோற்றை மறந்து கிடக்கிறது என்றால், அமைதியாக அனுப்பி வைப்பது அன்பான முடிவுதான். அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நான் கேட்பது ஒன்றே. காரணம் தெரிந்த பிறகு அந்த முடிவை எடுங்கள். கண் துடிக்கிறது, நடக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் நாளே, குமட்டலுக்கு ஒரு ஊசிகூடப் போடாமல், எடுக்காதீர்கள். யாராவது அவசரப்படுத்தினால், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கறோம்ணா" என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள். நாள் குறித்துவிட்டால் வீட்டில் வாக்குவாதமும் அடங்கும்.

மறுபடி வந்தால்

வரலாம். அதே பக்கமும் வரலாம், மறு பக்கமும் வரலாம். அதனால் முதல் தடவை எடுத்த வீடியோவை அழிக்காமல் வையுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்த மருந்து, எத்தனையாம் நாள் நின்றது என்று நாயின் தடுப்பூசிப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம். வாரம் ஒரு தடவை காதை முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உண்ணி மருந்தை மழைக்காலத்தோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது தடவையும் அதே போலத்தான் இருக்கிறது என்று நினைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளாமல், கண்ணையும் ஈறையும் பாதத்தையும் மறுபடி முதலிலிருந்து பார்த்து, அன்றைக்கே டாக்டருக்குக் காட்டுங்கள்.